மலைப்பாதைக்கு மொரிஸ் மைனர்: சஸ்பென்ஷனைக் கீழிருந்து மேலாகச் சீர்செய்வது

கொழும்பிலும் குருநாகலிலும் குறை தெரியாமல் ஓடும் மைனர், கினிகத்தேனை ஏற்றத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ தன் நோய் முழுவதையும் காட்டிவிடும். நேர்பாதையில் ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் கை பழகிக்கொள்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வளைக்கும்போது அந்த ஆட்டம்தான் காரைக் கான் (பாதையோர வடிகால்) பக்கம் கொண்டுபோகிறது. பாரம் முழுவதும் முன் சில்லுகளுக்குப் போய், தேய்ந்த புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்க் குழல்), தளர்ந்த போல்ட், ஒயில் வற்றிய சொக் அப்சோபர் எல்லாம் ஒரே நேரத்தில் இடம் மாறுகின்றன. "மைனர் அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த இந்தக் காரில் முன்னால் டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் உருக்குக் கம்பி), தனித்தனியாக அசையும் சில்லுகள், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் எல்லாம் உண்டு. அந்தக் காலத்து மலிவுக் கார்களில் அது அபூர்வம். பழுதற்ற மைனர் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆகவே முதலில் தேய்ந்ததைப் புதுப்பியுங்கள், புதிதாகச் சேர்ப்பது பிறகு. ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு வரும் தாழ்த்திய, இறுக்கிய கார்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்யப் பலருக்கு ஆசை வரும். அது போக்குவரத்தை மூடிவிட்டு, நல்ல தார்ப் பாதையில் ஓடும் குறுகிய ஓட்டம். நம்முடைய பாதை வேறு. ஒட்டுப்போட்ட தார், மழை கரைத்த ஓரம், தோட்டத்துக்குள் திரும்பியதும் கருங்கல் பாவிய வழி. இங்கே பிடிமானம் வேண்டுமானால் சில்லு தரையை விட்டு எழும்பக்கூடாது. விறைத்த கார் மேட்டுக்கு மேடு துள்ளும், துள்ளும் சில்லுக்குப் பிடி கிடையாது.

முதலில் துரு

டோர்ஷன் பாரின் பின்முனையைத் தாங்குவது முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் குறோஸ் மெம்பர். பின் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்குவது தரைத்தகட்டோடு ஒட்டிய ஹேங்கர்கள். நுவரெலியா, ஹக்கலை, பட்டிப்பொல பக்கம் நிற்கும் கார்களுக்கு ஆண்டில் பாதி நாள் ஈரம்தான். ஆகவே இந்த இரண்டு இடங்களையும் வேலை தொடங்குமுன் பாருங்கள். கம்பித் தூரிகையால் சேற்றையும் பழைய அண்டர்கோட்டையும் சுரண்டிவிட்டு, ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். தகடு உள்வாங்கினாலோ படைபடையாக உரிந்தாலோ சஸ்பென்ஷன் வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் வேலைக்குப் போங்கள். துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டி மூடும் வழக்கம் நிறைய இருக்கிறது. உள்ளே துரு தொடர்ந்து தின்னும். வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு போட வேண்டும்.

டயர்

மைனரின் ஆரம்பகால டயர் 14 அங்குலத்தில் 5.00, பிறகு 5.20 குறோஸ் பிளை (இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை). இன்றைக்கு நவீன வகையான ரேடியல் போடுவதே புத்தி. ஒரிஜினல் ரிம் மூன்றரை அங்குல அகலந்தான். அதற்கு 145/80 ஆர்14 பொருந்தும். 155/80 போட்டு ஓட்டுகிறவர்கள் பலர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 175/65 வாங்கி அதே ரிம்மில் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் உள்நோக்கி வளைந்து நிற்கும். வளைவில் ரிம் ஒரு பக்கம் போக, டயர் மறுபக்கம் போகும். ஸ்டியரிங்கும் கனக்கும்.

ரேடியலையும் குறோஸ் பிளையையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. இரண்டு மட்டுந்தான் மாற்றப் பணம் இருந்தால் ரேடியல் இரண்டும் பின்னால் போகட்டும். முன்னால் மட்டும் போட்டால், ஈர வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வால் சுற்றிவிடும்.

டயரின் வயதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரின் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். மழையில் அது தாருக்கு ஒட்டாது. மாதம் இரண்டு முறை வெளியே எடுக்கும் பழைய கார்களில் டயர் தேய்வதற்கு முன்னே கிழடாகிவிடும். இதைக் கவனிக்காமல் சொக் அப்சோபரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

காற்று, குறோஸ் பிளைக்கு 22 பிஎஸ்ஐ. ரேடியலுக்கு 26இல் தொடங்குங்கள், நான்கு பேரும் சாமானும் ஏறினால் பின்னால் 28. காலையில், ஓடுமுன் அளக்க வேண்டும். கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவின் குளிரில் குறைந்துவிடும் என்று மேலே வந்ததும் மீண்டும் அடிப்பவர்கள் உண்டு. குளிரால் இரண்டு, இரண்டரை பிஎஸ்ஐ குறைவது உண்மை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. அதனால் அளவுகோலில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கை வைக்கத் தேவையில்லை.

கிங் பின்னும் டிரனியனும்: உயிர் தொங்கும் இடம்

மைனரின் முன் சில்லைத் தாங்கும் கிங் பின்னின் இரு முனையிலும் திருகுப்புரி வெட்டியிருக்கும். மேலும் கீழும் ஒவ்வொரு டிரனியன் (உள்ளே புரி வெட்டிய மூட்டு) அந்தப் புரியில் ஏறி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போது பின் அந்தப் புரிக்குள் திரும்புகிறது. காரின் பாரம் டோர்ஷன் பார் வழியாகக் கீழ்க்கைக்கு (சில்லைச் செசியோடு இணைக்கும் கீழ்ப்பக்கக் கை) வந்து, கீழ் டிரனியனைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. கிங் பின் மேலே நிற்க, டிரனியனை அதிலிருந்து இழுத்துக் கழற்றப் பார்க்கும் விசை எந்நேரமும் இருக்கிறது என்று பொருள். கிறீஸ் இல்லாமல் மழைத் தண்ணீரும் மணலும் புகுந்து புரி தேய்ந்துவிட்டால் ஒருநாள் மொத்தமாக உருவிக்கொள்ளும். சில்லு மடிந்து, காரின் மூலை தரையில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓடும்போதுதான் இது நடக்கும் என்பது ஆறுதல். ஆனால் கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங் முழுதாகத்தான் திரும்புகிறது.

பரிசோதிப்பது இப்படி: சமதரையில் பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜெக்கில் தூக்கி, செசிக்குக் கீழே ஸ்டான்ட் வைத்து, சில்லு தொங்கும்படி விடுங்கள். சில்லின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குற்றவாளி சில்லு பெயாரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம். டோர்ச் அடித்து எந்த மூட்டு அசைகிறது என்று பாருங்கள்: கீழ்ப்புரியா, மேல்புரியா, டிரனியன் கைக்குள் உட்காரும் பின்னா, சொக் அப்சோபரின் அச்சா. நான்கும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு செலவு. அதற்குப் பிறகு சில்லை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ரொட் எண்டும் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) ரேக்கும் தெரியும்.

பெயாரிங் என்று தெரிந்தால் ஒரு எச்சரிக்கை. மைனரின் முன் சில்லு போல் பெயாரிங்கில் ஓடுகிறது, நடுவில் இடைக்குழல் உண்டு. ஆட்டம் வந்தால் நட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, பெயாரிங்கைத்தான் மாற்ற வேண்டும். வேறு கார்களின் டேப்பர் பெயாரிங்குக்குப் பழகிய பாஸ்மார் (கராஜ் மெக்கானிக்குகள்) இங்கேயும் நட்டை இறுக்கிவிட்டுக் கால் திருப்பம் பின்னால் எடுப்பார்கள். அந்த முறை இதற்கு இல்லை.

புது டிரனியன் வாங்கும்போது கிங் பின்னையும் சேர்த்து வாங்குங்கள். தேய்ந்த பின்னில் புது டிரனியன் ஏற்றினால் சில மாதத்தில் இரண்டும் போகும். இடது, வலது புரிகள் எதிரெதிர் திசை, மாற்றிப் போட முடியாது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தாலும், பொருத்துமுன் புரியைப் பெற்றோலில் கழுவித் துடைத்து, கிறீஸ் இல்லாமல் கையாலேயே டிரனியனைத் திருகிப் பாருங்கள். இலேசாக ஏற வேண்டும், பாதி ஏறியபின் சாய்த்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. புதுப்பெட்டியில் வந்ததெல்லாம் சரியாக வெட்டிய புரி என்று நம்பிவிடாதீர்கள். தேய்ந்த புரியில் வெல்டிங் நிரப்பி லேத்தில் வெட்டித் தருகிறேன் என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சூட்டில் உருக்கின் பதம் மாறி, முறியும் தன்மை வந்துவிடும்.

கழற்றும்போது டோர்ஷன் பாரின் முறுக்கை மறக்கக்கூடாது. செசி ஸ்டான்டில் இருக்க, கீழ்க்கையின் அடியில் ஜெக் வைத்து, சொக் அப்சோபரின் கை அதன் ரப்பரை விட்டு எழும்பும்வரை தூக்குங்கள். பிறகு மேல் டிரனியனைக் கழற்றி, ஜெக்கை மெதுவாக இறக்குங்கள். முறுக்கு முழுதும் அவிழ்ந்து கீழ்க்கை தளர்வாகத் தொங்கிய பின்னரே கீழ் டிரனியனின் பக்கம் போக வேண்டும். பிரேக் ஹோஸ் பாரத்தில் தொங்காதபடி ட்ரம்மைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

பூட்டும்போது டிரனியனை முழுக்கத் திருகி, பிறகு இரு பக்கமும் முழு லொக் (ஸ்டியரிங் திரும்பும் எல்லை) வரை புரி முட்டாமல் திரும்பும்படி சற்றுப் பின்னால் எடுங்கள். முட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் சீக்கிரம் நின்றுவிடும், பலவந்தமாகத் திருப்பினால் புரி போய்விடும். கீழ் டிரனியனின் வாயில் உட்காரும் ரப்பர் வளையத்தை விட்டுவிடாதீர்கள். தண்ணீரைத் தடுப்பது அது ஒன்றுதான்.

கிறீஸ் 1,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது 1,600 கிலோமீற்றர். மழைக்காலத்தில் தூரம் பார்க்காமல் மாதத்துக்கு ஒரு முறை அடிப்பது நல்லது. சில்லு தொங்கும் நிலையில் அடித்தால்தான் பாரம் தாங்கும் புரிமுகத்துக்குக் கிறீஸ் போகும். அழுக்குக் கிறீஸ் வெளியேறிப் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள், நடுவே ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிவிடுங்கள். சர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் கழுவல் கொடுத்தால் கழுவிய பிறகு கிறீஸ் அடிக்கச் சொல்லுங்கள், முன்னால் அல்ல. கியர் ஒயில்தான் ஊற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் ட்ரயம்ப் ஹெரல்ட் ஓட்டியவராக இருப்பார். அந்தக் காரின் டிரனியனுக்கு ஒயில் சரி. மைனருக்கு லித்தியம் கிறீஸ்.

சொக் அப்சோபர்

மைனரில் நான்கு மூலையிலும் கை வைத்த பழைய வகை ஒயில் சொக் அப்சோபர். முன்னால் உள்ளதற்கு இரட்டை வேலை. அதன் கைதான் சில்லின் மேல்கையும். ஆகவே அதன் அச்சு தேய்ந்தால் கார் குதிப்பதோடு நிற்காது, வளைவில் சில்லின் சாய்வே மாறும். ஒயில் ஊற்றிச் சரிசெய்ய முடியாத குறை இது. கையைப் பிடித்து மேலும் கீழும் அல்லாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அச்சு ஆடினால் ரீகண்டிஷன் செய்தது வேண்டும்.

செசியோடு அதைப் பிடிக்கும் நான்கு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அவை தளர்ந்த கார் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று சத்தம் போடும். பலர் அதைக் கேட்டு டை ரொட் எண்ட் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்பி வருவார்கள்.

ஒயில் பார்க்க மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையாலும் துணியாலும் முற்றாகத் துடையுங்கள். ஒரு மணல் உள்ளே போனால் வால்வு மூடாது. நிரப்பும் துளையின் அடிமட்டம்வரை ஊற்றினால் போதும், வாய்வரை அல்ல. பழைய தயாரிப்பு ஒயில் கிடைக்காவிட்டால் எஸ்ஏஈ 20 கனிம ஒயில் ஊற்றலாம், 20 எண் மோட்டார் சைக்கிள் போர்க் ஒயிலும் பொருந்தும். பிரேக் ஒயில் ஊற்றவே கூடாது, சீல் ஊதிவிடும். ஊற்றியதும் காரின் மூலையைப் பிடித்து மேலும் கீழும் பலமுறை அழுத்தி, காற்றை வெளியேற்றி, மீண்டும் மட்டம் பாருங்கள்.

பின்னால் உள்ளதைக் கழற்றித்தான் சரியாகப் பார்க்க முடியும். வைஸில் நிமிர்ந்தபடி பிடித்து, கையை முழு வீச்சுக்கு மெதுவாக ஆட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். திசை மாறும் இடத்தில் கொஞ்ச தூரம் வெறுமனே போய்ப் பிறகு பிடித்தால் உள்ளே காற்று அல்லது ஒயில் குறைவு. நிரப்பி இருபது தடவை ஆட்டியும் அந்த வெற்றிடம் போகாவிட்டால் வால்வு போய்விட்டது. கையையும் அச்சையும் இணைக்கும் லிங்கின் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே மாதிரிக் குதிக்கும், அது மலிவான வேலை. அதை முதலில் பாருங்கள்.

இறுக்கமாக வேண்டும் என்று 40, 50 எண் ஒயில் ஊற்றுவது கராஜ் மரபு. தடித்த ஒயில் வேகமான அடியில்தான் அதிகம் விறைக்கும். வளைவில் கார் சாய்வது மெதுவான அசைவு, அதை அவ்வளவாகத் தடுக்காது. விளைவு, குழியில் இடி, வளைவில் பழைய சாய்வு. நுவரெலியாக் காலைக் குளிரில் இன்னும் மோசம். 30க்கு மேலே போக வேண்டாம்.

நீளக் குழாய் வடிவ நவீன சொக் அப்சோபருக்கு மாற்றுவதென்றால் பின்னால் தொடங்குங்கள். நீண்ட குண்டுங்குழிப் பாதையில் பழைய வகை சூடாகிச் சோரும், பின் அச்சு வளைவில் வெளிப்பக்கம் தத்தும். மாற்றத்தின் பலன் அங்கேதான் உடனே தெரியும். கிட் கிடைக்காமல் வேறு வாகனத்தினதைப் பொருத்தும்போது பெயரைப் பார்க்காதீர்கள், நீளத்தை அளவெடுங்கள். அச்சு முழுதாகத் தொங்கும்போதும் சொக் அப்சோபர் இன்னும் 25 மில்லிமீற்றராவது நீள இடம் வேண்டும். அச்சு பம்ப் ரப்பரை (மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பர்) அமுக்கும்போதும் அதே அளவு சுருங்க இடம் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினால் முதல் பெரிய பள்ளத்தில் பிராக்கெட் பிய்ந்து வரும். வேனுக்குரியதைப் போட்டால் எடை குறைந்த மைனரின் பின்பக்கம் கட்டை மாதிரி ஆகிவிடும். மேல் பிராக்கெட்டை டிக்கித் தரையின் வெறுந்தகட்டில் பூட்டாமல், அடியில் 3 மில்லிமீற்றர் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள்.

புஷ்கள்

கீழ்க்கையின் உட்பக்க ஐ போல்ட் புஷ், முன்னோக்கி ஓடும் டை பாரின் ரப்பர், பின் ஸ்பிரிங்கின் இரு முனைப் புஷ். இவற்றில் அதிகம் அலட்சியப்படுத்துவது டை பார் ரப்பரை. அது நைந்தால் பிரேக் பிடிக்கும்போது கீழ்க்கை பின்னால் நகரும், அந்தப் பக்கச் சில்லின் காஸ்டர் (கிங் பின்னின் முன்பின் சாய்வு) மாறும், கார் ஒரு பக்கம் இழுக்கும். இடது ஓரத்தில் ஓடி ஓடித் தார் விளிம்பில் இறங்கி ஏறும் நம் பாதையில் இடது பக்கத்து ரப்பர்தான் முதலில் போகும் என்று எதிர்பாருங்கள். டை பார் வளைந்திருக்கிறதா என்று மறுபக்கத்துடன் ஒப்பிட்டும் பாருங்கள்.

பொலியூரிதேன் புஷ் டை பாருக்கு நல்ல முதலீடு. பின் ஸ்பிரிங்குக்கு ரப்பரே போதும். ஒரு சில்லு பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் இருக்கும்போது ஸ்பிரிங் முறுகிக்கொடுக்க வேண்டும், அங்கே கடினப் புஷ் போட்டால் அந்த முறுக்கு ஹேங்கரின் தகட்டுக்குப் போகும். ரப்பரைச் செருக சவர்க்காரத் தண்ணீர், எஞ்சின் ஒயில் அல்ல. ரப்பர் புஷ்ஷின் நட்டுகளைச் சில்லு தரையில் நின்று, கார் தன் பாரத்தில் உட்கார்ந்த பின்னரே முழுதாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே வேலை செய்து சில மாதத்தில் கிழியும்.

உயரமும் ஸ்பிரிங்கும்

சமதரையில், சம காற்றில், சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை நான்கு மூலையும் அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 10, 12 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்ய வேண்டும். முன்னால் கீழ்க்கையின் வெளிமுனை உட்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும். மட்டமாகவோ மேல்நோக்கியோ நின்றால் டோர்ஷன் பார் அமர்ந்துவிட்டது.

டோர்ஷன் பாரை மாற்றத் தேவையில்லை. அதன் முனையில் பல் வெட்டு உண்டு. முறுக்கை மேலே சொன்னபடி அவிழ்த்து, பின்முனை லீவரைக் குறோஸ் மெம்பரிலிருந்து விடுவித்து, ஒரு பல் தள்ளி மாட்டலாம். ஒரு பல்லே சில்லில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் தரும். லீவரில் பல துளை உள்ள கார்களில் அந்தத் துளையை மாற்றி நுணுக்கமாகச் சரிசெய்யலாம். முறுக்கு இருக்கும்போது அந்த லீவரின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. அடித்தால் கை முறியும். இடது, வலது பார்களை மாற்றி மாட்டாதீர்கள். ஒரு திசைக்கு முறுகிப் பழகிய உருக்கு மறுதிசைக்கு முறுகினால் உடையும். பைப் ரென்ச்சால் பிடித்துக் கீறல் போட்டாலும் அந்தக் கீறலில்தான் பிளவு தொடங்கும். பெயின்ட் உரிந்திருந்தால் பூசிவிடுங்கள்.

தாழ்த்துவது பற்றி ஒரே சொல்: வேண்டாம். தாழ்த்தினால் சில்லு மேலே போக மிச்சமிருக்கும் இடம் குறைகிறது. வளைவின் நடுவே ஒரு மேடு வந்ததும் பம்ப் ரப்பரில் முட்டும், அந்தக் கணத்தில் ஸ்பிரிங் பலமடங்கு விறைத்து முன்பக்கம் வழுக்கும். தோட்டப் பாதையின் நடுமேட்டில் சைலன்சரும் சம்ப்பும் உரசுவது தனிக்கதை.

பின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பிரித்துத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நடுப்போல்ட் துளையிலும் தகட்டின் முனை மேல்தகட்டில் உரசும் இடத்திலும்தான் வெடிப்பு வரும். துருவைச் சுரண்டி, கிரபைட் கிறீஸ் மெல்லப் பூசிப் பூட்டினால் சவாரியே மாறிவிடும். துருப்பிடித்த தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சின்ன அடிக்கு அசையாமலும், பெரிய அடிக்குத் திடீரென்று விட்டும் கொடுக்கும். வளைவு குறைந்த ஸ்பிரிங்கைக் குளிர் நிலையிலேயே அடித்து வளைத்தெடுக்கும் பட்டறைக்குக் கொடுங்கள். காஸ் டோர்ச்சால் சிவக்கக் காய்ச்சுபவரிடம் கொடுத்தால் பதம் போய் இரண்டு மாதத்தில் மீண்டும் படுத்துவிடும். ட்ராவலர், வேன் ஸ்பிரிங்குகளைச் சலூனுக்குப் போட்டால் வால் தூக்கி, வெறுங்காரில் பின்பக்கம் குதிக்கும். யூ போல்ட் எப்போதும் புதிது, 300 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

எலைன்மென்ட்

உயரம் முடிந்த பிறகுதான். முந்திச் செய்தால் காசு வீண். மைனருக்குக் காஸ்டர் 3 பாகை, கேம்பர் (சில்லின் பக்கச் சாய்வு) வெளிச்சாய்வாக 1 பாகை. இரண்டையும் சரிசெய்யும் திருகு காரில் இல்லை. அளவு தவறினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது, அதைத் தேடுங்கள். சரிசெய்யக்கூடியது டோ இன் (இரு முன்சில்லுகளும் முன்பக்கம் நெருங்கி நிற்கும் அளவு) மட்டும்: குறோஸ் பிளைக்கு 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீற்றர். ரேடியலுக்கு அதைவிடக் குறைவாக, 1 மில்லிமீற்றர் அளவில்.

கணினி எலைன்மென்ட் இல்லாத ஊரிலும் செய்யலாம். ஸ்டியரிங்கை நடுவில் வைத்து, காரை முன்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். சில்லு மையத்தின் உயரத்தில், முன்பக்கத்தில் இரு ரிம்மின் உள்விளிம்பிலும் சோக்கால் குறியிட்டு இடைவெளியை அளவெடுங்கள். குறி பின்பக்கம் வரும்வரை காரை உருட்டி மறுபடி அளவெடுங்கள். பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்தால் டோ இன். ஒரே குறியில் அளப்பதால் ரிம் கோணல் கணக்கில் வராது. இரு டை ரொட்டையும் சம அளவு திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்பதோடு, இடது வளைவும் வலது வளைவும் வெவ்வேறாக இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு

இனித்தான் அன்டி ரோல் பார் (இரு பக்கத்தையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி). முன்னால் மட்டும், 16 மில்லிமீற்றர் அளவில். சாய்வு குறையும். அதோடு, ஏற்றக் கொண்டை ஊசியில் உட்பக்கப் பின்சில்லு அந்தரத்தில் சுற்றுவதும் குறையும், ஏனெனில் சாய்வுப் பாரத்தில் பெரும்பங்கை முன் அச்சு ஏற்கிறது. விலையாக, ஈரத்தில் மூக்கு கொஞ்சம் வெளியே தள்ளும். பின்னால் பார் போட்டால் பலன் தலைகீழ்: உட்பக்கப் பின்சில்லு இன்னும் சீக்கிரம் எழும்பும். போடாதீர்கள்.

ஜப்பான் எஞ்சின் மாற்றிய மைனர்களில் முதல் கியரில் ஏற்றத்தில் எடுக்கும்போது பின் அச்சு தடதடவென்று துள்ளுவது ஸ்பிரிங் முறுகி விடுவதால். அதற்கு அச்சையும் செசியையும் இணைக்கும் அன்டி ட்ராம்ப் பார் வேண்டும், சொக் அப்சோபர் மாற்றித் தீராது. எஞ்சின் எடை மாறியிருந்தால் முன் உயரத்தையும் மறுபடி அளவெடுக்க வேண்டும்.

பிரேக் தனி விஷயம், ஆனாலும் ஒன்று. 1098 சீசீ கார்களுக்கு முன்னால் 8 அங்குல ட்ரம், அதற்கு முந்தியவற்றுக்கு 7. எதுவானாலும் ட்ரம்தான். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சாகும். மழை நாட்டில் வருடம் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு ஒரே பாதையை வைத்துக்கொள்ளுங்கள், ஹப்புத்தளை–பெரகலை இறக்கம் மாதிரி வளைவும் ஒட்டுத்தாரும் கலந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து ஓட்டுங்கள். பிரேக்கில் ஒரு பக்கம் இழுத்தால் டை பார் ரப்பர், அல்லது ட்ரம்முக்குள் ஒயில் கசிவு. நேரில் அலைந்தால் டோ இன், ரேக், டயர்க் காற்று. மேட்டில் ஒருமுறை மோதிப் பலமுறை ஆடினால் சொக் அப்சோபர். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாவிட்டால் கிறீஸ் இல்லாமல் இறுகிய டிரனியன். அதோடு மேலும் ஓட்டாமல், அங்கேயே ஓரம் கட்டி ஜெக்கை எடுங்கள்.